கூடாரத்தில் தைத்த ஊர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். 'நாடிழந்த மக்களின் அடையாளத்தைப் பெரிதும் காப்பது ஆவணமா, கலையா?' என்பது தலைப்பு. கலையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் பாலஸ்தீனத்தை எடுத்துக்கொண்டார். 1948-ல் இஸ்ரேல் உருவானபோது நடந்த போரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனியர் வீடிழந்த கணக்கு, நிலப் பத்திரங்கள், அகதிப் பதிவேடுகள் என்று வரிசையாக அடுக்கினார். கடைசியில், "கலைக்கூடத்தில் வைத்த பொருள் ஒரு முழம் நிலத்தையாவது மீட்டதா?" என்று கேட்டுக் கைதட்டலும் வாங்கினார்.

ஐயா, அதே 1948 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை 194-ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது. ஊர் திரும்பி, அண்டை வீட்டாரோடு அமைதியாக வாழ விரும்பும் அகதிகளைத் திரும்ப விட வேண்டும் என்றது. அதைவிடப் பெரிய ஆவணம் உண்டா? அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு எத்தனை பேர் தங்கள் வாசற்படி ஏற முடிந்தது? நிலத்தை மீட்காத குறை இரண்டு பக்கமும் உண்டு. எனவே அடையாளத்தைப் பற்றி மட்டும் பேசுவோம்.

எமிலி ஜாசிர் என்றொரு பாலஸ்தீனக் கலைஞர். அவரிடம் அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தது. அதைக் காட்டி அவரால் இஸ்ரேலின் சோதனைச்சாவடிகளைத் தாண்ட முடிந்தது. சொந்த மக்கள் பலரால் முடியவில்லை. அவர்களிடம் கேட்டார்: "பாலஸ்தீனத்தில் எங்காவது உங்களுக்காக நான் ஏதேனும் செய்யலாம் என்றால், என்ன செய்யட்டும்?" 2001 முதல் 2003 வரை அந்தக் கோரிக்கைகளைச் சுமந்து போனார். கோரிக்கையை எழுத்திலும், நிறைவேற்றியதைப் புகைப்படத்திலும் அருகருகே வைத்தார்.

ஒருவர், ஜெருசலேமில் இருக்கும் என் அம்மாவின் கல்லறையில் பூ வைத்துப் பிரார்த்தனை செய்யுங்கள் என்றார். அவருக்கு அங்கே போக அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. இன்னொருவர், ஹைஃபா தெருவில் முதலில் கண்ணில் படும் பாலஸ்தீனப் பையனோடு கால்பந்து ஆடச் சொன்னார். மற்றொருவர் கேட்டது, ஜெருசலேம் தபால் நிலையத்தில் என் டெலிபோன் பில்லைக் கட்டிவிடுங்கள் என்று!

நடுவர் அவர்களே, இந்த டெலிபோன் பில்லில்தான் நான் நின்றுபோனேன். அகதிப் பதிவேட்டில் பெயர் இருக்கும், ஊர் இருக்கும், குடும்பத்தில் எத்தனை பேர் என்று இருக்கும். தன் வீட்டு பில்லைத் தானே போய்க் கட்ட முடியாத மனிதனின் அவமானத்துக்கு எந்தப் பதிவேட்டில் கட்டம் போட்டிருக்கிறார்கள்?

"கோரியவர் போகவில்லையே, வேறொருவர்தானே போனார்" என்று நண்பர் மறுக்கலாம். ஆமாம், பூ போய்ச் சேர்ந்தது, மகன் போகவில்லை. எழுத்துக்கும் படத்துக்கும் நடுவே தெரியும் அந்த இடைவெளிதான் இடப்பெயர்வு. அதைப் பார்வையாளர் கண்முன் நிறுத்தியது கலை.

1972-ல் ரோமில் சுட்டுக்கொல்லப்பட்ட பாலஸ்தீன மொழிபெயர்ப்பாளர் வாயெல் சுவைத்தரைப் பற்றியும் ஜாசிர் ஒரு படைப்பு செய்தார். அவர் வாசித்த நூல்கள், நண்பர்களின் நினைவுகள் என்று தேடித் திரட்டி, கொலைச் செய்தியாக முடிந்துபோனவரை வாழ்ந்த மனிதராகக் காட்டினார். 2007-ல் வெனிஸ் பியனாலே என்ற உலகக் கலைக் கண்காட்சியில் ஜாசிருக்குத் தங்கச் சிங்கம் விருது கிடைத்தது.

எதிரணிக்கு ஒன்றை மனமார விட்டுத்தருகிறேன். 2001-ல் ஜாசிர் நியூயார்க்கில் ஓர் அகதிக் கூடாரத்தை எடுத்து, 1948-ல் அழிக்கப்பட்ட, ஆளின்றிப்போன 418 ஊர்களின் பெயர்களை அதில் தைக்க முனைந்தார். அந்தப் பட்டியலைத் தந்தது வரலாற்றாசிரியர் வாலித் காலிதியின் ஆய்வுநூல். ஆவணம் இல்லாமல் அந்தக் கூடாரம் இல்லை, மறுக்கவே மாட்டேன்.

ஆனால் அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு ஜாசிர் தனியாக உட்காரவில்லை. வந்து தையுங்கள் என்று தன் பட்டறையின் கதவைத் திறந்துவைத்தார். 100 பேருக்கு மேல் வந்தார்கள். அந்த ஊர்களைப் பூர்விகமாகக் கொண்ட பாலஸ்தீனியர் வந்தார்கள். அந்த ஊர்களின் மிச்சங்கள் மீது வளர்ந்த இஸ்ரேலியரும் வந்தார்கள். ஊசியில் நூல் கோத்து, எழுத்தெழுத்தாகத் தைத்தார்கள். எல்லாப் பெயரையும் தைத்து முடிக்கவில்லை. சில ஊர்கள் பென்சில் கோடாகவே நிற்கின்றன.

ஊரை இழந்தவரையும், அந்த ஊரின் மேல் வளர்ந்தவரையும் ஒரே துணியின் முன்னால் உட்காரவைத்து, அந்த ஊரின் பெயரை அவர்கள் கையாலேயே எழுதவைத்த ஆவணம் ஒன்றை எதிரணி காட்டட்டும். காட்ட முடியாவிட்டால், தீர்ப்பு எங்கள் அணிக்கே சேர வேண்டும்.