எண்டோமெட்ரியோசிஸ் ஆபரேஷனுக்கு அட்மிட் ஆகும்போது பையில என்ன வைக்கணும்?

(திரையில்: கட்டில் மேல ஒரு காலிப் பை, பக்கத்துல ஸ்கேன் ஃபிலிம் கவர்)

வணக்கம். எண்டோமெட்ரியோசிஸ்னா கர்ப்பப்பையோட உள்சவ்வு மாதிரியான திசு கர்ப்பப்பைக்கு வெளிய வளர்றது. அதுக்கு லேப்ராஸ்கோபிக்கு, அதாவது சின்னத் துளை வழியா கேமரா விட்டுப் பண்ற ஆபரேஷனுக்கு, தேதி குறிச்சாச்சு. பொதுவா ஒண்ணு ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. குடல்லயும் வேலை இருந்தா இன்னும் சில நாள் ஆகும். பெரிய சூட்கேஸ் எல்லாம் வேண்டாம். ஆனா எதை எடுத்தாலும் வயித்தை நினைச்சுக்கிட்டு எடுங்க.

தொப்புள்ல ஒரு துளை, அடிவயித்துல ரெண்டு மூணு துளை போடுவாங்க. உள்ள பார்க்க இடம் கிடைக்கணும்னு கார்பன் டை ஆக்சைடு ஏத்தி வயித்தை உப்ப வைப்பாங்க. முடிஞ்சதும் வெளியேத்தினாலும் கொஞ்சம் உள்ளயே தங்கிடும். லெக்கின்ஸ் எலாஸ்டிக், ஜீன்ஸ் பட்டன், பாவாடை நாடா எல்லாமே சரியா தையல் மேலதான் வந்து அழுத்தும்.

(திரையில்: ஜிப் வெச்ச நைட்டி)

அதனால நைட்டிதான் ராணி. முன்பக்கம் ஜிப் வெச்சது, கை அகலமா இருக்கறது ரெண்டு மூணு எடுத்துக்கோங்க. டிரிப்ஸ் ஊசி குத்தின கையைத் தலை வழியா நுழைச்சுப் பாருங்க, அப்போ புரியும். உள்ளாடை ஒரு சைஸ் பெருசா, தொப்புளுக்கு மேல ஏறுற காட்டனா இருக்கட்டும். சில நாள் ரத்தக்கசிவு இருக்கலாம். அதுக்கு பேட் போதும். டாம்பான், மாதவிடாய் கப் எல்லாம் டாக்டர் சொல்ற வரைக்கும் வேண்டாம். குனிய முடியாது, அதனால பட்டை மாட்டாத செருப்பு.

வயித்துல தங்கின அந்த வாயு உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற தசை) உறுத்தும்போது வலி தோள்பட்டையில தெரியும். நெஞ்சுல ஏதோன்னு பயந்துடாதீங்க. மெதுவா நடந்தா குறையும். மூச்சுத் திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்து வந்தா மட்டும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்க. மயக்கத்துல குழாய் போட்டதால தொண்டையும் கரகரன்னு இருக்கும். ஒரு ஃபிளாஸ்க், வளையுற ஸ்ட்ரா வைங்க.

(திரையில்: மெட்டி, மூக்குத்தி, ஒரு சின்ன டப்பா)

இப்போ நகை. ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல அதிகமா வாக்குவாதம் நடக்கறது இதுலதான். ரத்தக்கசிவை நிறுத்த மின்சாரக் கருவி உபயோகிப்பாங்க; உடம்புல உலோகம் இருந்தா அந்த இடத்துல சுட்டுடலாம். தாலி, மெட்டி, மூக்குத்தி எல்லாத்தையும் கழட்டச் சொல்லுவாங்க. தாலிக்குப் பதிலா மஞ்சள் கயிறு கட்டிக்கறதுன்னா மாமியார், அம்மா கிட்ட முன்னாடியே பேசி முடிச்சுடுங்க. ஸ்ட்ரெச்சர்ல படுத்துக்கிட்டு பேசற விஷயமில்ல அது. வருஷக்கணக்கா கழட்டாத மெட்டி லேசுல வராது. சோப்பு நுரை போட்டு முந்தின நாளே வீட்ல கழட்டிப் பாருங்க. வரலைன்னா நகைக்கடையில வெட்டிக்கலாம். நெயில் பாலிஷையும் அழிச்சுடுங்க. ஆக்சிஜன் பார்க்கற கிளிப் விரல்லதான் மாட்டுவாங்க. ஆபரேஷன் தேதிக்கு முன்னாடி கல்யாண வீடு வந்தா, விரல் நுனிக்கு மட்டும் மருதாணி வேண்டாம்.

பேப்பர்: எம்ஆர்ஐ ஃபிலிம், பழைய ஸ்கேன் ரிப்போர்ட், முன்னாடி ஆபரேஷன் ஆயிருந்தா அந்த டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார், இன்சூரன்ஸ் கார்டு அல்லது முதல்வர் காப்பீட்டு அட்டை. எல்லாம் ஒரே ஃபைல்ல, ஒரு ஜெராக்ஸ் செட்டோட. சாப்பிடற மாத்திரைகளை அட்டையோட எடுத்துட்டுப் போங்க. "வெள்ளை மாத்திரை, ராத்திரி ஒண்ணு"ன்னா மயக்க டாக்டருக்கு ஒண்ணும் புரியாது.

அரசு ஆஸ்பத்திரின்னா போர்வை, தட்டு, டம்ளர், பக்கெட், மக் சேர்த்துக்கோங்க. எங்கேயா இருந்தாலும் நீளமான சார்ஜர் வயர் வேணும், பிளக் எப்பவும் கட்டிலுக்கு எட்டாத இடத்துலதான் இருக்கும். பையை யார் கூட இருக்கப் போறாங்களோ அவங்க முன்னாடி அடுக்குங்க. மயக்கம் தெளியாம நீங்க படுத்திருக்கும்போது பேட் எங்கன்னு தேடப் போறது அவங்கதான்.

(திரையில்: கார் சீட், ஒரு தலையணை)

வீட்டுக்குத் திரும்பறதுக்கு ஒரு சின்னத் தலையணை. சீட் பெல்ட்டுக்கும் வயித்துக்கும் நடுவுல வெச்சா வேகத்தடையில தூக்கிப்போடும்போது தையல் இழுக்காது. கடைசியா ஒரு பென் டிரைவ். ஆபரேஷனைப் பல இடங்கள்ல ரெக்கார்ட் பண்ணுவாங்க, காப்பி தருவாங்களான்னு கேளுங்க. நாளைக்கு வேற டாக்டர் கிட்ட போனா எங்கெங்க பரவியிருந்ததுன்னு அவங்களே பார்த்துக்கலாம். எடுத்த திசுவைச் சோதிக்கற பயாப்சி ரிப்போர்ட் அன்னிக்கே கைக்கு வராது. என்னிக்கு, எந்த கவுன்ட்டர்ல வாங்கணும்னு கேட்டு ஃபைல் மேலயே எழுதிக்கோங்க.