போர்டு மாட்டுவதும் போர்டு கூட்டுவதும்

(மதுரையில் குடும்பத் தொழில் நடத்துவோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் எல்லோருக்கும் வணக்கம்.

கப்பலூர் தொழிற்பேட்டைக்குள் நடந்தால் வாசலுக்கு வாசல் ‘பிரைவேட் லிமிடெட்’ என்று போர்டு மாட்டியிருக்கிறது. மாட்டுவது சுலபம். உள்ளே இன்னொரு போர்டு உண்டு, டைரக்டர்கள் போர்டு. அது கடைசியாக எப்போது கூடியது என்று கேட்டுப் பாருங்கள். “ஆடிட்டர் ஆபீஸ்ல கேளுங்க சார்” என்பார்கள். அந்தப் பதிலில் இருக்கும் ஆபத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கம்பெனி வேறு, முதலாளி வேறு என்பது பழைய சட்டம். லண்டனில் பூட்ஸ் தயாரித்த சாலமன் என்பவரின் வழக்கில் 1896-லேயே பிரபுக்கள் சபை அதை உறுதிசெய்தது. கம்பெனி நொடித்தால் போட்ட முதல் போகும், வீடு போகாது. கூட்டு வியாபாரத்தைக் கம்பெனியாக மாற்றச் சொல்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். பாதிதான் சொல்கிறார்கள். கடனுக்குச் சொன்ன அந்த விலக்கு தவறுக்குக் கிடையாது.

2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம், ஒரு தவறு நடந்தால் யாரைப் பிடிப்பது என்று 2(60)-ஆம் பிரிவில் சொல்கிறது. முழுநேர டைரக்டர், மேனேஜிங் டைரக்டர் போன்ற பொறுப்பாளர்கள்தான் முதலில். மேனேஜிங் டைரக்டர் மாதிரி யாருமே நியமிக்கப்படவில்லை என்றால், போர்டு குறிப்பிட்டு, அவரும் எழுத்தில் சம்மதித்த டைரக்டர். அப்படி யாரையும் குறிப்பிடவில்லையா? எல்லா டைரக்டர்களும். நம் ஊர்க் கம்பெனிகளில் நடப்பது இந்தக் கடைசி வகைதான். இரண்டு பேர் வேண்டும் என்பதற்காக அம்மா பெயரையோ மருமகள் பெயரையோ சேர்ப்பார்கள். எல்லாம் அண்ணன் பார்த்துக்கொள்வார், காகிதத்தில் மட்டும் அண்ணனுக்கு ஒரு பதவியும் இருக்காது. நோட்டீஸ் வரும்போது மருமகள் பெயருக்கும் வரும். ஒரு தீர்மானம், ஒரு சம்மதக் கடிதம், அதைக் கம்பெனிப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் ஜி.என்.எல்-3 படிவம். இவ்வளவுதான் வேலை. யாரும் செய்வதில்லை.

அதே பிரிவில் இன்னொரு வரியும் உண்டு. கூட்ட நடவடிக்கைகள் கைக்கு வந்து தவறு தெரிந்த டைரக்டரும், கூட்டத்தில் இருந்துகொண்டு மறுக்காத டைரக்டரும் பொறுப்பாளிதான். நம் வீடுகளில் பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாமல் இருப்பது மரியாதை. சட்டம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறது.

எனவே கூட்ட நடவடிக்கைகளை எழுதிவைக்கும் மினிட்ஸ் புத்தகத்துக்கு வருவோம். கூட்டம் முடிந்த 30 நாளுக்குள் நடந்தது அதில் ஏற வேண்டும். பக்கங்களுக்குத் தொடர் எண் வேண்டும். தலைவர் ஒவ்வொரு பக்கத்திலும் சுருக்கொப்பம் இட்டு, கடைசிப் பக்கத்தில் தேதியோடு கையெழுத்துப் போட வேண்டும். டைப் அடித்த தாளைக் கொண்டுவந்து புத்தகத்தில் ஒட்டக் கூடாது. அதற்கு முன், 15 நாளுக்குள் வரைவை எல்லா டைரக்டர்களுக்கும் அனுப்பி, கருத்துச் சொல்ல 7 நாள் கொடுக்க வேண்டும். ஒருவர் ஒரு தீர்மானத்துக்கு உடன்படவில்லை என்றால் அவர் பெயரோடு எழுத வேண்டும். மருமகளைக் காப்பாற்றக்கூடிய ஒரே வரி அதுதான்.

நடைமுறை என்ன? செப்டம்பர் மாதம் ஒரே உட்காரலில் வருடம் முழுவதற்கும் மினிட்ஸ் தயாராகிறது. ஒரே பேனா, ஒரே மை, எல்லாக் கூட்டமும் காலை 11 மணி. சித்திரைத் தேர் ஓடும் நாளில் மாசி வீதி ஆபீஸில் 11 மணிக்கு முழு போர்டும் கூடியதாக எழுதினால், மதுரைக்காரர் யாராவது நம்புவாரா? வேடிக்கை போகட்டும். ‘ஆஜர்’ என்று எழுதிய தேதியில் அந்த டைரக்டர் சிங்கப்பூரில் இருந்ததை அவர் பாஸ்போர்ட் முத்திரை சொல்லும்போது அது சாதாரணக் கவனக்குறைவு ஆகாது. மினிட்ஸைத் திருத்திக் கெடுத்தால் 118-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறை, 25,000 முதல் 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். சிறு கம்பெனிக்கு அரையாண்டுக்கு ஒன்றாக வருடத்துக்கு இரண்டு கூட்டம் போதும், நடுவில் 90 நாள் இடைவெளி வேண்டும், அவ்வளவே. அதையும் பொய்யாக எழுதுவதற்கு என்ன அவசியம் என்பது எனக்கு விளங்கவே இல்லை.

கணக்கிலும் பின்தேதிப் பழக்கம் இனி நடக்காது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள், யார் எந்தப் பதிவை எப்போது மாற்றினார்கள் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி வைத்திருக்க வேண்டும். அது இருக்கிறதா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுதியாக வேண்டும்.

தாக்கல் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டுப் பொதுக்குழுவைச் செப்டம்பர் 30-இல் கூட்டினால் வரவு செலவுக் கணக்கு அக்டோபர் 30-க்குள், ஆண்டு விவரம் நவம்பர் 29-க்குள் பதிவாளருக்குப் போக வேண்டும். தாமதத்துக்குப் படிவம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லை. இரண்டு படிவமும் ஒரு வருடம் தவறினால் 73,000. தொடர்ந்து மூன்று நிதியாண்டு தவறினால் டைரக்டருக்கு 5 ஆண்டு தகுதியிழப்பு, வேறு கம்பெனியிலும் சேர முடியாது. 2017-இல் இப்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பட்டியலில் ஏறினார்கள். சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களுக்கு 2018-இல் நிவாரணம் கிடைத்தது. அலைந்த அலைச்சலுக்கு யார் கணக்கு எழுதுவது?

செக் விஷயம் வேறு. செக் திரும்பினால், டைரக்டர் என்ற பெயர் மட்டுமே குற்றவாளியாக்கப் போதாது, அந்த நேரத்தில் கம்பெனி நடத்தையில் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2005-இல் சொன்னது. ஆனால் மேனேஜிங் டைரக்டரும் செக்கில் கையெழுத்துப் போட்டவரும் அந்த வாதத்தைச் சொல்ல முடியாது. செக் புத்தகம் முழுக்க முன்கூட்டியே கையெழுத்துப் போட்டு அண்ணனிடம் கொடுத்துவிட்டுத் திருச்செந்தூர் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பங்காளிகளுக்குள் மனஸ்தாபம் வந்தாலும் முதலில் கேட்கப்படுவது மினிட்ஸ்தான். பத்தில் ஒரு பங்கு வைத்திருக்கும் தம்பி, அடக்குமுறை என்றோ முறைகேடு என்றோ கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். உயர் நீதிமன்றக் கிளை 2004-லிருந்து ஒத்தக்கடைப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் இந்த வழக்குக்குச் சென்னைக்குத்தான் வண்டி ஏற வேண்டும்.

விலகுவதிலும் வாய்ப்பேச்சு உதவாது. “நான் அன்னைக்கே சொல்லிட்டேனே மாப்பிள்ளை” என்பது ராஜினாமா ஆகாது. கடிதம் கம்பெனி கையில் சேர்ந்த நாள், கடிதத்தில் குறித்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அன்றுதான் விலகல். ஒப்புகையோடு தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். கம்பெனி 30 நாளில் உங்கள் விலகலைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் டி.ஐ.ஆர்-12 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாமல் இழுத்தடித்தால் அதைத் தெரிவிக்க நீங்களே டி.ஐ.ஆர்-11 படிவம் போடலாம். இருந்த காலத்துத் தவறுகள் மட்டும் கூடவே வரும்.

வங்கிக்குக் கொடுத்த சொந்த ஜாமீனும் கூடவே வரும். டைரக்டர் பதவி போனாலும் ஜாமீன் போகாது. ராஜினாமாக் கடிதத்தை வங்கிக்கு நகல் அனுப்பிவிட்டோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்த நகலுக்கு மதிப்பில்லை. அடுத்தவரை ஜாமீன்தாரராக ஏற்றுக்கொண்டு உங்களை விடுவித்தோம் என்று வங்கி எழுத்தில் கொடுக்கும் கடிதம் உங்கள் பீரோவில் இருக்க வேண்டும்.