முதலில் பம்ப், அப்புறம் ஒயின்: மர்ரே ஆற்றங்கரையில் மில்டுரா

வணக்கம் நண்பர்களே. இன்றைக்கு மில்டுராவில் இருக்கிறேன். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், வடமேற்கு மூலையில் உள்ள ஊர். மெல்போர்னிலிருந்து காரில் வந்தால் ஆறு மணி நேரம் ஆகும், 540 கிலோமீட்டர் இருக்கும். பயணிகள் ரயில் 1993-லேயே நின்றுவிட்டது. அதனால் கார், பேருந்து, விமானம் இவற்றில் ஒன்றில்தான் வர வேண்டும்.

மில்டுரா என்றதும் எல்லோரும் ஒயின், திராட்சை, ஆரஞ்சு என்றுதான் ஆரம்பிப்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அதனால்தான் உங்களை நேராக ஒரு பழைய பம்ப் நிலையத்துக்குக் கூட்டி வந்திருக்கிறேன். இது கிங்ஸ் பில்லபாங் பக்கத்தில் இருக்கும் சைக்கி பெண்ட் பம்ப் நிலையம். இதைப் பார்க்காமல் இந்த ஊர் ஒயினைக் குடித்தால் பாதிக் கதைதான் தெரியும்.

கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். கீழே ஆறு, மேலே தோட்டங்கள். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு உயரம் இருக்கிறது என்று கவனியுங்கள். தண்ணீர் தானாக மேலே ஏறாது. இங்கே ஒரு வருடத்தின் சராசரி மழை 300 மில்லிமீட்டருக்கும் குறைவு. கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் சர்வசாதாரணம். மழையை மட்டும் நம்பினால் இந்தச் செம்மண்ணில் மல்லி புதர்தான் வளரும். மல்லி என்றால் நம் மல்லிகை இல்லை. அடிக்கிழங்கிலிருந்து பல தண்டுகளாகக் கிளம்பும் குட்டை யூகலிப்டஸ் மரம் அது.

1885-ல் ஆல்ஃபிரட் டீக்கின் என்ற விக்டோரிய அமைச்சர், பாசனம் எப்படி நடக்கிறது என்று பார்க்கக் கலிஃபோர்னியாவுக்குப் போனார். பின்னாளில் ஆஸ்திரேலியாவின் பிரதமரானவர் இவர்தான். அங்கே ஜார்ஜ் சாஃபி, வில்லியம் சாஃபி என்ற இரண்டு அண்ணன் தம்பிகளைச் சந்தித்தார். கனடாவில் பிறந்து, கலிஃபோர்னியாவில் பாசனக் குடியிருப்புகளை உருவாக்கியவர்கள். அவர்கள் இங்கே வந்து, அரசோடு ஒப்பந்தம் போட்டு, 1887-ல் வேலையைத் தொடங்கினார்கள். பேசப்பட்ட நிலம் 2,50,000 ஏக்கர். ஆனால் லட்ஜி லட்ஜி, பார்க்கிண்ட்ஜி மக்கள் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்ந்து வந்த ஆற்றங்கரை இது. ஊர் 1887-ல் பிறந்தது என்று சொல்லும்போதெல்லாம் அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

இந்தப் பம்ப் நிலையத்தின் நீராவி இயந்திரத்தை வடிவமைத்தவர் ஜார்ஜ். கப்பலில் இருப்பதைப் போல, ஒரே நீராவி மூன்று சிலிண்டர்களில் அடுத்தடுத்து விரிந்து வேலை செய்யும். அந்த விசையில் பம்புகள் சுழன்று தண்ணீரை மேலே தள்ளும். பர்மிங்ஹாமின் டாங்கி நிறுவனம் செய்து கொடுத்தது. 1891-லிருந்து 1959 வரை ஓடியிருக்கிறது! இப்போதும் சில நாட்களில் தன்னார்வலர்கள் நீராவி ஏற்றி ஓட்டிக் காட்டுகிறார்கள். வருவதற்கு முன் அந்தத் தேதிகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அதற்காகப் பயணத்தை ஒரு வாரம் தள்ளிப்போட்டாலும் தப்பில்லை.

பம்ப் வந்ததும் எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதீர்கள். வாய்க்கால்கள் வெறும் மண் வாய்க்கால்கள். தண்ணீர் நிறையக் கசிந்து போனது. யாபி என்று ஒரு நன்னீர் இறால் வகை இருக்கிறது, அது கரையில் வளை தோண்டி ஓட்டை போட்டது. விளைந்த பழத்தைச் சந்தைக்குக் கொண்டுபோக ரயில் இல்லை. படகில் அனுப்பலாம் என்றால் ஆற்றில் தண்ணீர் வற்றிய மாதங்களில் படகு நகராது. இதோடு 1890-களின் பொருளாதார நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. 1895-ல் சாஃபி நிறுவனம் திவாலானது. ஜார்ஜ் அமெரிக்காவுக்கே திரும்பிவிட்டார். வில்லியம் போகவில்லை. இங்கேயே தங்கித் தோட்டம் போட்டு, பட்ட கடனோடும் கெட்ட பெயரோடும் வாழ்ந்து, 1920-ல் மில்டுரா நகரத்தின் முதல் மேயரானார். எனக்கு இந்த ஊரில் மிகவும் பிடித்த மனிதர் அவர்தான். அவருடைய ரியோ விஸ்டா வீடு கலை மையத்தின் ஒரு பகுதியாக இருக்கிறது. உள்ளே போய் அந்த மர வேலைப்பாடுகளைப் பாருங்கள்.

ரயில் 1903-ல்தான் வந்தது. அதற்கப்புறம்தான் ஊர் மூச்சுவிட்டது.

சரி, இப்போது ஊருக்குள் வந்துவிட்டோம். இது டீக்கின் அவென்யூ. எவ்வளவு நேராகப் போகிறது பாருங்கள், நடுவில் மரங்களோடு. குறுக்கே போகும் தெருக்களுக்கு ஏழாவது தெரு, எட்டாவது தெரு என்று எண்தான் பெயர். சாஃபிகள் கலிஃபோர்னியாவிலிருந்து கொண்டுவந்த பழக்கம் அது. அதோ, அந்தப் பக்கம் தெரிவது மில்டுரா கிராண்ட் ஹோட்டல். ஆரம்பத்தில் இது ‘காஃபி பேலஸ்’, அதாவது மது விற்காத விடுதி. சாஃபிகள் மதுவை ஒதுக்கி வைத்த குடியிருப்பாகத்தான் இந்த ஊரைத் திட்டமிட்டார்கள். அதே வில்லியம் சாஃபி 1888-லேயே ஒயின் திராட்சையும் நட்டார் என்பது வேறு விஷயம். பின்னாளில் இதே ஹோட்டலின் நிலவறையில் ஸ்டெஃபனோ டி பியேரி என்ற சமையல் கலைஞர் நடத்திய இத்தாலிய சமையல்தான் மில்டுராவைச் சாப்பாட்டுக்காகவும் பேச வைத்தது. இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் பாடுபட்டவர்களில் இத்தாலியக் குடும்பங்களும் கிரேக்கக் குடும்பங்களும் நிறைய.

தோட்டத்துக்குப் போகலாம். இங்கே ஒருவருடைய நிலத்தைப் ‘பிளாக்’ என்பார்கள், வைத்திருப்பவர் ‘பிளாக்கி’. நாம் நிற்பது ஒரு உலர் திராட்சை பிளாக்கில். ஆஸ்திரேலியாவின் உலர் திராட்சை ஏறக்குறைய முழுவதும் மில்டுராவைச் சுற்றியுள்ள இந்த சன்ரேசியா பகுதியிலிருந்துதான் வருகிறது. பிப்ரவரி, மார்ச்தான் அறுவடைக் காலம். அதோ, கூரைக்கு அடியில் அடுக்கடுக்காகக் கம்பி வலை கட்டியிருக்கிறதே, அதுதான் ராக். பறித்த குலைகளை அதில் பரப்பி நிழலில் காற்றாட விடுவார்கள். அதற்கு முன் பொட்டாசியம் கார்பனேட்டும் ஒரு வகை எண்ணெயும் கலந்த தண்ணீரைத் தெளிப்பார்கள். திராட்சைத் தோலின் மேல் மெழுகுபோல் ஒரு படலம் இருக்கும். இந்தக் கலவை பட்டால் ஈரம் அதன் வழியாகச் சுலபமாக வெளியேறும். தெளிக்காவிட்டால் ஒரு மாதத்துக்கு மேல் இழுக்கும். தெளித்தால் இரண்டு வாரம் போதும். பொன்னிறமும் அப்படியே தங்கும்.

இப்போது ராக் வேலையும் குறைந்து வருகிறது. கொடியிலேயே காய வைக்கும் முறை வந்துவிட்டது. பழம் தொங்கும் தண்டை மட்டும் வெட்டிவிட்டு, அங்கேயே அந்தக் கலவையைத் தெளித்து, காய்ந்தபின் இயந்திரத்தால் உதிர்த்து எடுப்பார்கள். ஆள் கூலி பெரிய அளவில் மிச்சம். எந்த முறையானாலும் பயம் ஒன்றுதான்: மழை. வருடம் முழுக்கத் தண்ணீருக்கு ஏங்கும் ஊர், அறுவடை நேரத்தில் மட்டும் ஒரு தூறலுக்கே நடுங்குகிறது. பழம் வெடித்துவிடும், பூஞ்சை பிடித்துவிடும். 2011 பிப்ரவரி மழையில் பலருக்கு அந்த வருடப் பாடே போய்விட்டது.

உலர் திராட்சைக்கு வழக்கமான விதையில்லாத ரகம் சுல்தானா. அது தவிர சன்மஸ்கட் என்று ஒரு ரகம் இருக்கிறது. பக்கத்து ஊர் மெர்பீனில் இருந்த சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற ஆஸ்திரேலிய அரசு அறிவியல் அமைப்பின் ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. பெரிய பழம், லேசான மஸ்கட் வாசனை. கடையில் பார்த்தால் விடாதீர்கள். டராங்கோ என்ற சிவப்பு ஒயின் ரகமும் அதே நிலையத்தில் 1965-ல் பிறந்ததுதான். போர்ச்சுகலின் டூரிகாவையும் நம் சுல்தானாவையும் சேர்த்து உண்டாக்கியது. குளிர வைத்துக் குடிக்கலாம், இந்த வெயிலுக்கு அவ்வளவு பொருத்தம்.

ஒயின் பேச்சுக்கு வந்துவிட்டோம். நான் வந்திருப்பது டிரெண்ட்ஹாம் எஸ்டேட். பாலத்தைத் தாண்டி, பக்கத்து மாநிலமான நியூ சவுத் வேல்ஸ் பக்கம், ஆற்றுக்கு மேலே மேட்டில் இருக்கிறது. குடும்பமாக நடத்தும் இடம். இதன் புல்வெளியில் உட்கார்ந்தால் ரெட் கம் மரங்களுக்கு நடுவே ஆறு வளைவது தெரியும். ஒயின் சுவைக்கும் இடத்தைச் ‘செல்லர் டோர்’ என்பார்கள். இங்கே ஷார்டனே, ஷிராஸ் எல்லாம் உண்டு. ஆனால் நான் கேட்கச் சொல்வது ஃபியானோ, வெர்மென்டினோ, நீரோ டாவோலா போன்ற இத்தாலிய ரகங்கள். கடும் வெயிலில் பல ரகங்களில் புளிப்பு குறைந்து ஒயின் சப்பென்று ஆகிவிடும். தெற்கு இத்தாலி வெயிலில் பழகிய ரகங்கள் அந்தப் புளிப்பை விடாமல் வைத்திருக்கின்றன. வெள்ளை ஃபியானோவை ஒரு வாய் குடித்தாலே தெரியும். வண்டி ஓட்டுபவர் குடிக்க வேண்டாம். ரத்தத்தில் ஆல்கஹாலுக்கான சட்ட வரம்பு 0.05 சதவீதம், நாலைந்து இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவைத்தாலே அதைத் தாண்டிவிடும்.

வெப்பமான உள்நாட்டுப் பகுதி என்பதால் ‘பெட்டி ஒயின் ஊர்’, அதாவது அட்டைப் பெட்டியில் வரும் மலிவு ஒயின் ஊர் என்று இதை மட்டமாகப் பேசுபவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. மில்டுராவும், தெற்கு ஆஸ்திரேலியாவின் ரிவர்லாண்டும், நியூ சவுத் வேல்ஸின் ரிவரினாவும் சேர்ந்துதான் ஆஸ்திரேலிய ஒயின் திராட்சையில் பாதிக்கு மேல் கொடுக்கின்றன. சாதாரண வீடுகளின் சாப்பாட்டு மேஜைக்குப் போகும் ஒயின் இது. அந்தப் பிளாக்கிகள்தான் இப்போது அடி வாங்குகிறார்கள். 2020 கடைசியில் சீனா ஆஸ்திரேலிய ஒயின் மேல் பெரிய வரி போட்டது. 2024 மார்ச்சில்தான் எடுத்தது. அதற்குள் சிவப்பு ஒயின் தொட்டிகளில் தேங்கி, பழத்தின் விலை விழுந்துவிட்டது. வரும் வழியில் வேரோடு பிடுங்கிக் குவித்த கொடிகளைப் பார்த்தேன், காரணம் இதுதான். சிலர் பாதாமுக்கு மாறுகிறார்கள். ஆனால் விக்டோரியாவில் 2007-லிருந்து தண்ணீர் உரிமை நிலத்திலிருந்து பிரிக்கப்பட்டு தனியாக வாங்கி விற்கப்படுகிறது. வறட்சி வருடத்தில் தண்ணீர் விலை ஏறினால் சிறிய பிளாக்கியால் எப்படித் தாங்க முடியும்? இங்கே வந்தால் ஒரு பாட்டிலாவது தோட்டக்காரரிடமே நேராக வாங்குங்கள். இதை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

ஆற்றுக்கு வந்துவிட்டோம். இது 11-ஆம் லாக். லாக் என்றால் படகுகளை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவு அமைப்பு. பக்கத்தில் 1927-ல் கட்டி முடித்த தடுப்பணை. வெள்ளம் வந்தால் அணையின் சட்டகங்களைத் தண்டவாளத்தில் கரைக்கு இழுத்துவிட்டு, ஆற்றை அதன் போக்கில் விட்டுவிடலாம். படகுகள் லாக் வழியாக ஏறி இறங்குவதை உட்கார்ந்து பார்க்கலாம். பி.எஸ். மெல்போர்ன் என்ற 1912 காலத்துத் துடுப்புச் சக்கரப் படகு இன்னும் நீராவியில்தான் ஓடுகிறது. ஏறினால் இயந்திரத்தின் பக்கத்தில் நில்லுங்கள். இன்னொரு தகவல்: இங்கே ஆறு முழுக்க நியூ சவுத் வேல்ஸுக்குச் சொந்தம். விக்டோரியா கரையில் நின்று தூண்டில் போட்டாலும் அந்த மாநில அனுமதிதான் தேவை.

நேரம் இருந்தால் அரை மணி நேரப் பயணத்தில் வென்ட்வர்த் போய், டார்லிங் ஆறு மர்ரேயில் கலப்பதைப் பாருங்கள். இரண்டு தண்ணீரின் நிறமும் வேறுவேறாகத் தெரியும்.

இங்கிருந்து அடிலெய்டு பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் ஒன்று. தெற்கு ஆஸ்திரேலிய எல்லையில் யாம்பாவில் சோதனைச் சாவடி இருக்கிறது. பழ ஈ பரவக் கூடாது என்பதற்காகப் புதுப் பழங்களை வாங்கி வைத்துவிடுவார்கள், மறைத்தால் அபராதம். வாங்கிய ஆரஞ்சையும் திராட்சையையும் அதற்கு முன்பே சாப்பிட்டு முடித்துவிடுங்கள். நானும் அந்த வழியில்தான் போகிறேன். அடுத்த வீடியோ ரென்மார்க்கிலிருந்து.