காரீயம் கலவாத வெளிச்சம்

(பட்டர்வொர்த்தில் தமிழ்ப்பள்ளி மண்டபமொன்றில் நடந்த அறிவியல் விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைத்தலைவர் அவர்களே, பாலம் கடந்து தீவிலிருந்து வந்திருக்கும் மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களே, எந்தத் தமிழ் நிகழ்ச்சிக்கு அழைத்தாலும் மறுக்காமல் வந்து முதல் வரிசையில் அமரும் டத்தோ அவர்களே, டத்தின் அவர்களே, பள்ளி வாரியத் தலைவர் அவர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களே, தலைமையாசிரியை அவர்களே, பசியாறிய கையோடு மண்டபத்துக்கு வந்துவிட்ட பெற்றோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். டான் ஸ்ரீ ஐயா பின்வரிசையில் இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். முன்னால் வாருங்கள் ஐயா. வரமாட்டேன் என்கிறார். சரி, பின்வரிசைக்கும் ஒரு மரியாதை வேண்டுமல்லவா?

மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒளி தரும் பெரோவ்ஸ்கைட் என்ற படிகப் பொருளுக்குள் காரீயம் எப்படிப் புகுந்தது என்பது ஒன்று. அதை வெளியேற்ற ஆய்வாளர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பது இரண்டு. இதில் பினாங்குக்கு என்ன வேலை என்பது மூன்று. நேரம் போதாவிட்டால் மூன்றாவதைத் தேநீர் வேளையில் பேசிக்கொள்ளலாம்.

1839-இல் யூரல் மலையில் கிடைத்த ஒரு கனிமத்தை ஜெர்மானியர் குஸ்தாவ் ரோசே ஆராய்ந்து, லெவ் பெரோவ்ஸ்கி என்ற ரஷ்யரின் பெயரை அதற்குச் சூட்டினார். அது கால்சியம், டைட்டானியம், ஆக்சிஜன் சேர்ந்தது. காரீயம் அதில் கிடையாது. பிற்காலத்தில் அதே படிக அமைப்பில் வேறு தனிமங்களை வைத்துப் பார்த்தார்கள். சீசியம், காரீயம், புரோமின் மூன்றையும் சேர்த்தால் கண்ணைப் பறிக்கும் பச்சை கிடைத்தது. புரோமினுக்குப் பதில் குளோரின் கலந்தால் நீலம், அயோடின் கலந்தால் சிவப்பு. 2015-இல் சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரத்து ஆய்வாளர்கள் இதை நுண்படிகங்களாகச் செய்து காட்டியபோது உலகமே திரும்பிப் பார்த்தது. இன்றைய நீல எல்.இ.டி.க்குரிய காலியம் நைட்ரைடை வளர்க்க ஏறத்தாழ 1000 டிகிரி சூடு வேண்டும். இதையோ 200 டிகிரிக்குள் ஒரு குடுவையிலேயே செய்துவிடலாம்.

இன்னொரு வசதியும் உண்டு. சாதாரணக் குறைக்கடத்தியில் ஓர் அணு இடம் தவறினாலும் மின்னாற்றல் ஒளியாகாமல் சூடாக வீணாகும். காரீயப் பெரோவ்ஸ்கைட் அந்தக் குறைகளைப் பொறுத்துக்கொண்டு ஒளிர்கிறது. அதனால்தான் அதைக் கைவிட மனம் வரவில்லை. ஆனால் அந்தக் காரீயம் நீரில் கரையக்கூடிய உப்பாக இருக்கிறது. பாதுகாப்பான காரீய அளவு என்று ஒன்று அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தையின் மூளையைத்தான் அது முதலில் தொடும். ஐரோப்பிய ஒன்றியம் 2006 முதல் மின்னணுப் பொருள்களில் எடைக்கு 0.1 விழுக்காட்டுக்கு மேல் காரீயம் கூடாது என்று சட்டம் வைத்திருக்கிறது.

‘ஈயத்தைப் பார்த்து இளித்ததாம் பித்தளை’ என்பார்கள். நான் எந்த மேடைக்குப் போனாலும் இந்தப் பழமொழியும் கூடவே வரும், டத்தோவுக்குத் தெரியும். பெரோவ்ஸ்கைட்டைப் பார்த்து நாம் இளிப்பதற்கு முன், நம் காரின் பேட்டரிக்குள் எத்தனை கிலோ காரீயம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இயந்திரத்தில் கடைந்து செதுக்க எளிதாக இருக்கட்டும் என்று பித்தளையிலேயே காரீயம் கலப்பதுண்டு.

இந்த இடத்தில் ஒரு கதை. எங்கள் குடும்பத்துக்கு வேண்டிய ஓர் அக்கா, பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணு ஃபேக்டரியில் ஒப்பரேட்டராகச் சேர்ந்தவர். விடியற்காலை ஃபேக்டரி பஸ், நீலச் சட்டை, கையில் சாப்பாட்டு டிபன். மின் இணைப்புகளை உலோகம் உருக்கி ஒட்டும் பற்றாசு வைப்பதில் அவரை மிஞ்ச லைனில் ஆளில்லை. பிறகு சரிபார்க்கும் மேசைக்கு மாற்றினார்கள். பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில் ஒவ்வொரு இணைப்பாகப் பார்ப்பார். பளபளவென்று இருந்தால் பாஸ், மங்கலாக இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர்.

ஒரு நாள் காலை வந்த மின்சுற்றுப் பலகைகள் அத்தனையும் மங்கல். அக்கா ஒட்டினார், ஒட்டினார், ஸ்டிக்கர் சுருளே தீர்ந்துபோனது. லைன் லீடர் ஓடி வந்தார், சூப்பர்வைசர் ஓடி வந்தார். கடைசியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தமிழ்ப் பையன், எஞ்சினியர், மெதுவாக வந்து நின்றான். “அக்கா, இது காரீயம் இல்லாத புதுப் பற்றாசு. நல்லாத்தான் ஒட்டியிருக்கு.” அக்கா விடவில்லை. “நல்லா ஒட்டியிருந்தா ஏன் தம்பி மூஞ்சி இப்படிச் செத்துக் கிடக்கு? கல்யாண வீட்டுல அழுத பொண்ணு மாதிரி?” லைன் முழுக்கச் சிரிப்பு. பையனுக்கு முகம் சிவந்துவிட்டது.

ஆனால் அவன் போகவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான். “அக்கா, பழசு 183 டிகிரியில உருகும், புதுசு 217-ல. புதுசுல முக்கால்வாசிக்கு மேல வெள்ளீயம்தான், கொஞ்சம் வெள்ளி, துளியூண்டு செம்பு. ஆறும்போது வெள்ளீயம் கிளை கிளையா உறையும். அதனால மேல சொரசொரன்னு இருக்கு, வெளிச்சம் சிதறுது, மங்கலாத் தெரியுது. பளபளப்பு இல்லேங்கிறதால பலம் இல்லேன்னு ஆகாது.” அக்கா பூதக்கண்ணாடியில் இன்னொரு முறை பார்த்தார். பிறகு ஒரு ஸ்டிக்கரை உரித்தார். ஒன்றொன்றாக எல்லாவற்றையும் உரித்தார். அன்று மதியச் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசைக்காரிகளுக்கு அக்காதான் பாடம் நடத்தினாராம். ‘கிளை கிளையா உறையும்’ என்று கையை விரித்துக் காட்டி! அந்தப் பையன் செபராங் பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவன். இதை மறந்துவிடாதீர்கள், பிறகு தேவைப்படும்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். மாண்புமிகு அவர்களுக்கு இன்னொரு நிகழ்ச்சி இருக்கிறதாம். பத்தே நிமிடம், ஐயா.

காரீயத்துக்குப் பதில் முதலில் வைத்துப் பார்த்ததும் வெள்ளீயத்தைத்தான். பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்குச் சுரங்கங்களில் நம் பாட்டன்மார் பார்த்த அதே உலோகம். ஆனால் காற்றுப் பட்டதும் அது மேலும் இரண்டு எலக்ட்ரான்களை இழந்து குணம் மாறிவிடுகிறது, ஒளியும் போய்விடுகிறது. ஆகவே இன்னொரு வழி கண்டார்கள். இரட்டை மின்னூட்டம் கொண்ட இரண்டு காரீய அயனிகளை எடுத்துவிட்டு, ஒற்றை மின்னூட்டமுள்ள ஒரு வெள்ளியையும் மூன்று மின்னூட்டமுள்ள ஓர் இண்டியத்தையும் வைத்தார்கள். இரண்டும் இரண்டும் நான்கு, ஒன்றும் மூன்றும் நான்கு. நான்காம் ஆண்டுப் பிள்ளைகளே, கணக்குச் சரிதானே? அந்தப் படிகத்தில் கொஞ்சம் சோடியமும் துளி பிஸ்மத்தும் சேர்த்து, 2018-இல் 86 விழுக்காடு அளவுக்குத் திறனுள்ள இளஞ்சூடான வெள்ளை ஒளியைப் பெற்றார்கள்.

அது ஒளிரும் விதமும் வேறு. கிளர்ச்சியுற்ற எலக்ட்ரான், மெத்தையில் உட்கார்ந்தவர் தன் எடையாலேயே குழி பறித்து அதில் அமிழ்வதுபோல், சுற்றியுள்ள படிகத்தை வளைத்துக்கொண்டு அங்கேயே சிக்கிக்கொள்கிறது. வெளிவரும் ஒளி பல நிறங்கள் கலந்த அகன்ற நிறமாலையாக வருகிறது. வீட்டு விளக்குக்கு அது வரம். தொலைக்காட்சித் திரைக்குக் குறுகிய, தூய நிறம் வேண்டும். அங்கே காரீயமே இன்னும் முன்னால் நிற்கிறது. சீசியம், செம்பு, அயோடின் சேர்ந்த பொருள் நல்ல நீலம் தருகிறது. அமைப்பில் அது பெரோவ்ஸ்கைட்டுக்குப் பங்காளி முறை. ஆனால் இவற்றில் பலவும் புறஊதா ஒளியைப் பாய்ச்சினால்தான் நன்றாக ஒளிர்கின்றன. நேரே மின்சாரம் கொடுத்தால் காரீய எல்.இ.டி. எட்டிய 20 விழுக்காட்டைத் தாண்டும் திறனுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இண்டியமும் மலிவானதல்ல. ஈயத்தைப் பார்த்து இளித்த பித்தளை கதைதான் இங்கேயும். காரீயத்தைக் குறைசொல்லும் ஒவ்வொரு மாற்றுக்கும் தன் குறை ஒன்று இருக்கிறது. அதைத் தீர்ப்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

அந்த ஆள் யார்? 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வாணிப வட்டாரம் திறந்ததிலிருந்து நம்மவர்கள் லைனில் நின்றிருக்கிறார்கள். முதலில் வந்த எட்டு நிறுவனங்களில் எல்.இ.டி. செய்யும் நிறுவனமும் ஒன்று. 2017-இல் பக்கத்துக் கெடா மாநிலத்தின் கூலிமில் எல்.இ.டி. சில்லு ஆலையே திறந்தாயிற்று. லைனில் நின்றது போதும், ஆய்வுக்கூடத்துக்குள் போக வேண்டும் என்கிறேன். போவதற்கு அறிவியல் புரிய வேண்டும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அறிவியல் எந்த மொழியில் புரியும்?

2003-இல் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்துக்கு மாற்றினார்கள். பிறகு கைவிட்டார்கள். 2016-இல் இருமொழிப் பாடத்திட்டம் என்று மீண்டும் வந்தது. பெற்றோரின் ஒப்புதல் இருந்தால் தமிழ்ப்பள்ளியிலும் அந்த இரு பாடங்களை ஆங்கிலத்தில் நடத்தலாம் என்கிறார்கள். நான் ஆங்கிலத்துக்கு எதிரியல்ல, என் ஆய்வுக் கட்டுரைகளே ஆங்கிலத்தில்தான். ஆனால் அந்த எஞ்சினியர் தம்பியை நினைத்துப் பாருங்கள். ‘கிளை கிளையா உறையும்’ என்ற சொல் அவன் வாயில் வந்தது எதனால்? தமிழில் அறிவியல் படித்ததால். அக்காவுக்கு அது விளங்கியதும் அதனால்தான். தமிழில் அறிவியல் முடியாது என்று நம்மவரே சிரிக்கும்போது எனக்குப் பித்தளை நினைவுதான் வருகிறது. 1816-இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பின் வழி வந்தவர்கள் நாம், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட பள்ளிகளை வைத்துக்கொண்டு இப்படிப் பேசலாமா?

மூன்றாவது செய்தியை முழுதாகச் சொல்ல முடியவில்லை. தேநீரின்போது கேளுங்கள். இருமொழித் திட்டம் இந்தப் பள்ளிக்கு வேண்டாம் என்று பெற்றோர் எழுதிய கடிதம் வாசலருகே மேசையில் இருக்கிறது, பேனாவும் கட்டி வைத்திருக்கிறோம். டான் ஸ்ரீ ஐயா பின்வரிசையில் வாசலுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், முதல் கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும்.