இரண்டு தரப்பும் வென்றதாகச் சொல்வது எப்படி? – ஒரு சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். சேலத்திலிருந்து பேசுகிறேன். இந்த வாரம் வந்த சந்தேகங்களில் முதலில் எடுத்துக்கொள்வது, ஏற்காடு நாகலூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி குரல் பதிவாக அனுப்பிய கேள்வி. அவர் கேட்டது இதுதான்: “2025 மே மாதம் நான்கு நாள் சண்டை ஓய்ந்ததும் இந்தியாவும் வெற்றி என்றது, பாகிஸ்தானும் வெற்றி என்றது. கிரிக்கெட்டில் இரண்டு அணியும் சேர்ந்து கோப்பையைத் தூக்க முடியாது. அப்படியானால் ஒருவர் பொய் சொல்கிறாரா, அல்லது படைபலத்தைப் பயன்படுத்துவதில் வெற்றிக்கு வேறு ஏதாவது அளவுகோல் இருக்கிறதா?”

நல்ல கேள்வி, அம்மா. பொய்யும் உண்டு, வேறு அளவுகோலும் உண்டு. எத்தனை விமானம் விழுந்தது, யார் எதை அழித்தார்கள் என்ற கணக்குக்குள் நான் போகப்போவதில்லை. அந்தக் கணக்கு முழுதாகத் தெரிந்தாலும் உங்கள் கேள்விக்கு அதிலிருந்து விடை கிடைக்காது என்பதுதான் நான் சொல்ல வருவது.

ஒரு நாடு தன் படையை இரண்டு விதமான வேலைக்கு அனுப்பலாம். வேண்டியதைத் தானே போய் எடுத்துக்கொள்வது ஒன்று. எதிராளியே அதை எடுத்துக் கொடுக்கும்படி செய்வது மற்றொன்று. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும், ஏனென்றால் இரண்டிலும் துப்பாக்கி வெடிக்கிறது, ஆட்கள் சாகிறார்கள். ஆனால் முதலாவதில் எதிராளியின் மனம் நமக்குத் தேவையில்லை, அவனுடைய பலம் ஒழிந்தால் போதும். இரண்டாவதில் அவன் உயிரோடும், முடிவெடுக்கும் நிலையிலும், தன் முடிவைத் தன் ஆட்கள் கேட்கும்படி செய்யும் அதிகாரத்தோடும் இருந்தாக வேண்டும்.

இதற்கு வெகுதூரம் போக வேண்டாம், நம் மாவட்டத்தின் கதையையே பார்க்கலாம். மூன்றாம் மைசூர்ப் போரில், 1791 நவம்பரில், மேக்ஸ்வெல் என்ற ஆங்கிலேயத் தளபதி கிருஷ்ணகிரிக் கோட்டையைத் தாக்கிப் பார்த்தார். அந்தப் பாறையில் ஏற முடியாமல் இழப்போடு திரும்பினார். அடுத்த சில மாதங்களில் அதே கோட்டை கும்பினியின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்துவிட்டது, ஆனால் அங்கே மறுபடியும் யாரும் ஏறியதால் அல்ல. கும்பினியின் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸும் நிஜாமும் மராட்டியரும் சேர்ந்து ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டார்கள். 1792 மார்ச்சில் திப்பு சுல்தான் உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். ராஜ்ஜியத்தில் பாதி போயிற்று, 3 கோடியே 30 லட்சம் ரூபாய் அபராதம், அது கட்டி முடியும்வரை இரண்டு மகன்கள் பணயம். அந்தப் பாதியில்தான் சேலமும், பாரமகால் என்று அன்று அழைக்கப்பட்ட கிருஷ்ணகிரி, தருமபுரிப் பகுதியும் இருந்தன. அலெக்சாண்டர் ரீடு நிர்வாகம் பார்க்க வந்தார், அவருக்கு உதவியாகத் தாமஸ் மன்றோ வந்தார். கோட்டையை முட்டிப் பிடிக்க முடியவில்லை, கோட்டைக்கு உரியவரின் குரல்வளையில் கை வைத்ததும் கோட்டை தானாக வந்தது.

காரன்வாலிஸ் அன்று ஏன் நின்றார் என்பதற்குப் பல காரணங்கள் சொல்வார்கள். எனக்குப் படுவது, கையெழுத்துப் போட ஒரு திப்பு அவருக்குத் தேவைப்பட்டார் என்பதே. 1794இல் பணம் கட்டி முடிந்தபின் பிள்ளைகள் இருவரும் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இதையும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் ‘கொடுத்தால் விட்டுவிடுவேன்’ என்ற சொல்லைக் காப்பாற்றாதவனுக்கு அடுத்த முறை யாரும் எதையும் கொடுக்க மாட்டார்கள். 1799இல் நிலைமை வேறு. அப்போது யாரையும் இணங்க வைக்க அவர்கள் வரவில்லை, முடித்துவிடவே வந்தார்கள், மே 4 அன்று முடித்துவிட்டார்கள். ஏழு ஆண்டு இடைவெளியில், அதே ஊரில், அதே எதிராளியிடம், படையின் இரண்டு வேலைகளும் நடந்திருக்கின்றன.

இனி, இணங்க வைப்பது ஏன் இவ்வளவு கடினம் என்பதைப் பார்ப்போம். நீங்கள் நாகலூர்க்காரர், ஆகவே நம் மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் உங்களுக்கு நான் விவரிக்க வேண்டியதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏற்காட்டிலிருந்து இறங்கும் பேருந்தில் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வளைவில் எங்கள் ஓட்டுநர் சற்று அகலமாகத் திருப்பிவிட்டார், எதிரே சிமென்ட் மூட்டை ஏற்றிய வேன், இரண்டும் மூக்கோடு மூக்கு. மலையில் ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை என்பது எல்லோருக்கும் தெரியும், ஆகவே நியாயம் வேன்காரர் பக்கம். அவர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை. எங்கள் ஓட்டுநர் இன்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அவர் பிடிவாதக்காரர் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது: பேருந்தின் பின்பக்கத்தை ஒட்டி ஐந்து கார்கள் வரிசையாக வந்து நின்றிருந்தன. அவர் விரும்பினாலும் ஓரடி பின்னால் போக முடியாது.

நடத்துநர் இறங்கி, வேன்காரரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல், கடைசிக் காரிடம் நடந்துபோனார். அதை முதலில் நகர்த்தினார், பிறகு அதற்கு முந்தையதை, பிறகு அதற்கும் முந்தையதை. பத்து நிமிடம் ஆயிற்று. பேருந்து பாதி நீளம் பின்வாங்கியது, வேன் ஏறிச் சென்றது. வேன்காரர் ஜெயித்தவர் போலக் கையை உயர்த்திக் காட்டினார். எங்கள் ஓட்டுநர் பயணிகள் பக்கம் திரும்பி, “நான்தாங்க போகட்டும்னு விட்டேன்” என்றார். இரண்டு அணியும் கோப்பையைத் தூக்கியதை அன்று என் கண்ணாலேயே பார்த்தேன்.

நாடுகளுக்குப் பின்னாலும் இந்தக் கார் வரிசை உண்டு. உள்நாட்டு மக்கள், எதிர்க்கட்சி, படைத்தலைமை, தொலைக்காட்சி, நேற்றுத் தான் பேசிய வீரவசனம் எல்லாம் தலைவரின் முதுகை ஒட்டி வந்து நிற்கும். முன்னாலிருந்து எவ்வளவு பலமாக ஹாரன் அடித்தாலும் பின்னால் இடமில்லாதவர் நகர மாட்டார். அதனால்தான் ‘இதைச் செய்யாதே’ என்று தடுப்பது எளிதாகவும், ‘செய்ததை மாற்று’ என்று திருப்ப வைப்பது கடினமாகவும் இருக்கின்றன. தடுக்கப்பட்டவர், நான் அதைச் செய்ய நினைக்கவே இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். திருப்ப வைக்கப்பட்டவர் ஊரே பார்க்கப் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்றம் தாக்கப்பட்டபின் இந்தியா பாகிஸ்தான் எல்லைக்குப் படையை நகர்த்தி ஏறத்தாழ பத்து மாதம் நிறுத்தி வைத்தது. அடுத்த ஜனவரியில் பாகிஸ்தான் அதிபர் முஷாரப் தொலைக்காட்சியில் பேசினார், லஷ்கர், ஜெய்ஷ் பயங்கரவாத அமைப்புகளுக்குத் தடை விதித்தார். இந்தியா ஒப்படைக்கச் சொன்ன 20 பேர் பட்டியலுக்கு மட்டும் பலன் கிடைக்கவில்லை. பேச்சு என்பது பின்னால் இருக்கும் கார்களை நகர்த்தாமலே கொடுக்கக்கூடியது, ஆளைப் பிடித்துக் கொடுப்பது அப்படியல்ல. போரே நடக்காத அந்தப் பத்து மாதத்தில், கண்ணிவெடி புதைக்கும்போதும் எடுக்கும்போதும் நம் வீரர்கள் பலர் இறந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு இலங்கை. 1987 மே கடைசியில் இலங்கைப் படை வடமராட்சியில் பெரும் தாக்குதலைத் தொடங்கியது, அடுத்தது யாழ்ப்பாண நகரம் என்ற அச்சம் இருந்தது. ஜூன் 3 அன்று ராமேசுவரத்திலிருந்து உணவுப் பொருள்களோடு புறப்பட்ட 19 படகுகளை இலங்கைக் கடற்படை வழிமறித்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் இந்தியாவின் ஐந்து அன்டோனோவ்-32 சரக்கு விமானங்கள், மிராஜ்-2000 போர் விமானங்கள் காவலாக வர, யாழ்ப்பாணத்தின் மேல் பறந்து மூட்டைகளைப் பாராசூட்டில் இறக்கின. பூமாலை என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். தில்லியில் இலங்கைத் தூதரை அழைத்து, விமானங்கள் வருகின்றன, தடுத்தால் பலத்தோடு எதிர்கொள்வோம் என்று முன்கூட்டியே சொல்லியும் விட்டார்கள்.

இறங்கிய அரிசியும் பருப்பும் யாழ்ப்பாணத்துக்கு எத்தனை வேளைக்குக் காணும்? சில வேளைக்குக்கூடக் காணாது. அந்த மூட்டைகள் யாழ்ப்பாணத்துக்கு இறங்கினாலும் முகவரி கொழும்புக்கு எழுதப்பட்டிருந்தது. சண்டை இல்லை, ஒரு குண்டுகூட இல்லை, அரிசிக்குப் பதில் வேறொன்றும் இதே விமானங்களில் வரக்கூடும் என்ற செய்தி மட்டும் இருந்தது. யாழ்ப்பாண நகரத்தின் மீதான தாக்குதல் நடக்கவில்லை, ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஒப்பந்தத்தைப் பற்றி நம்மில் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கும், எனக்கும் உண்டு, அதை வேறொரு நாள் பேசலாம். படைபலத்தை எப்படிக் காட்டுவது என்ற அளவில் மட்டும் பார்த்தால், குறைந்த செலவில் எதிராளியின் முடிவை மாற்றியதற்கு அது தெளிவான சான்று. கோரிக்கை சிறியது, கேட்கப்பட்டவர் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர், ‘இது வெறும் நிவாரணம்தானே’ என்று அவர் ஒதுங்கிக்கொள்ளவும் சற்று இடம் இருந்தது.

அதே இந்திய அரசு, அதே ஆண்டு அக்டோபரில், வேறொரு வேலையில் இறங்கியது. ஒப்பந்தத்தைக் காக்கப் போன அமைதிப்படை, விடுதலைப் புலிகளின் ஆயுதங்களைக் களைய வேண்டிய நிலைக்கு வந்து, போரில் இறங்கியது. இங்கே கேட்கப்பட்டது சிறிய விட்டுக்கொடுப்பு அல்ல. ஆயுதமே உயிராக இருந்த ஓர் அமைப்பிடம் ஆயுதத்தைக் கேட்டார்கள். முற்றுகையிட அதற்குத் தலைநகரம் இல்லை, பின்வாங்கினால் நிற்பதற்கு வேறு இடமும் இல்லை. விமானம், டாங்கி, பீரங்கி என்று பலத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள், பல்லாயிரம் வீரர்கள் அனுப்பப்பட்டார்கள். பொதுமக்கள் பட்ட பாட்டை யாழ்ப்பாணத்தார் இன்றும் சொல்வார்கள். 1989இல் இலங்கையின் பிரேமதாசா அரசும் புலிகளும் ஒரு மேசையில் உட்கார்ந்து, இந்தியப் படை போக வேண்டும் என்று ஒரே குரலில் கேட்கும் நிலை வந்தது. ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்து, 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவும் கப்பலேறியது. 1987 ஜூனுக்கும் அக்டோபருக்கும் இடையில் இந்தியாவின் பலம் குறைந்துவிடவில்லை, கேட்ட பொருளும் கேட்கப்பட்ட ஆளும்தான் மாறியிருந்தார்கள். வட வியட்நாம் மீது 1965 முதல் 1968 வரை அமெரிக்கா குண்டு வீசியும் ஹனோய் இறங்கி வராததற்கும் இதே காரணத்தைத்தான் சொல்வேன்: தெற்கை விட்டுவிடு என்பது, எதற்காக அவர்கள் போராடினார்களோ அதையே விட்டுவிடு என்பதுதான்.

இப்போது உங்கள் கோப்பைக்கு வருகிறேன். 1962 அக்டோபரில் கியூபாவிலிருந்து சோவியத் ஏவுகணைகளை அகற்றும்படி அமெரிக்க அதிபர் கென்னடி கடல்வழியை மறித்தார், சோவியத் தலைவர் குருசேவ் அகற்றினார். அமெரிக்கர்கள் அதைத் தங்கள் உறுதிக்குக் கிடைத்த வெற்றி என்றார்கள். கியூபா மீது படையெடுக்க மாட்டோம் என்று அமெரிக்காவிடம் வாக்கு வாங்கியது எங்கள் வெற்றி என்றது மாஸ்கோ. துருக்கியில் இருந்த அமெரிக்க ஜூபிடர் ஏவுகணைகளை எடுத்துவிடுவதாகவும் இரகசியமாகப் பேசி முடித்திருந்தார்கள், அது பல ஆண்டுகள் வெளியே தெரியவில்லை. தெரிந்திருந்தால் கென்னடிக்குப் பின்னால் நின்ற கார்கள் அவரைப் பின்வாங்க விட்டிருக்காது. 2017இல் டோக்லாம் எல்லைப் பகுதியில் இந்தியப் படையும் சீனப் படையும் 73 நாள் எதிரெதிரே நின்ற பின்பும் இதுவே நடந்தது. இருதரப்புப் படையும் விலகிக்கொள்ள உடன்பாடு ஆயிற்று என்றது தில்லி. இந்தியப் படை விலகிச் சென்றது என்றது பெய்ஜிங். இரண்டு அறிக்கையும் ஒரே நாளில் வந்தன. ஒன்றை மற்றொன்று வரிக்கு வரி மறுத்திருந்தால் 74ஆம் நாளும் இருந்திருக்கும்.

ஆகவே, இருவரும் வென்றோம் என்று சொல்வதைப் பார்த்து நாம் சிரிக்கக் கூடாது என்று நினைக்கிறேன். பல நேரங்களில் சண்டையை நிறுத்தும் கதவே அதுதான். பொய் கலந்திருந்தாலும் அந்தக் கதவு வழியாகத்தான் படைகள் வீடு திரும்புகின்றன. தவிர, ஐக்கிய நாடுகள் சாசனம் தற்காப்புக்கும் பாதுகாப்பு அவையின் அனுமதிக்கும் வெளியே படைபலத்துக்கு இடம் தரவில்லை என்பதால், ஒவ்வொரு நாடும் தன் அறிக்கையை வெளியுலகத்துக்காகவும் அளந்தே எழுதுகிறது.

2025 மே மாதச் சண்டைக்கு இதைப் பொருத்தினால் ஒரு சிக்கல் வரும். காஷ்மீரின் பஹல்காமில் பயங்கரவாதத் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டதற்குப் பின் இந்தியா சொன்ன நோக்கங்களில் முக்கியமானது, இனி இப்படி ஒரு தாக்குதல் நடக்காதபடி செய்வது. நடக்காமல் இருப்பதைப் படம் பிடித்துக் காட்ட முடியாது. நடக்காதவரை, அடித்த அடியால் நடக்கவில்லையா, அல்லது வேறு காரணத்தால் நடக்கவில்லையா என்று இருதரப்பும் வாதிட்டுக்கொண்டே இருக்கலாம். பாகிஸ்தான் தன் நோக்கத்தை, பதிலடி கொடுத்துவிட்டுத் தாக்குப்பிடித்து நிற்பது என்று வைத்துக்கொண்டது, அதற்கு மே 10 அன்றே வெற்றி என்று சொல்லிவிடலாம். இரண்டு அணியும் ஒரே ஆட்டத்தை ஆடவில்லை, அம்மா. ஒருவருடைய ஆட்டம் நான்கு நாளில் முடிந்துவிட்டது, மற்றவருடையது இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

அடுத்த சந்தேகம் ஆத்தூரிலிருந்து. பொருளாதாரத் தடை விதிப்பதும் ஒரு வகைப் படையெடுப்புதானா என்று கேட்கிறார் ஒரு நேயர்.