அச்சுக்கு முன் ஓர் அவை

அவைத் தலைவர் அவர்களே, முன்வரிசையை அலங்கரிக்கும் நூலகர் அவர்களே, நான் பேச வேண்டியதில் பாதியை வரவேற்புரையிலேயே பேசி என் சுமையைக் குறைத்த செயலாளர் அவர்களே, பொன்னாடையோடு காத்திருக்கும் பொருளாளர் அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

உள்ளூர் எழுத்தாளர் வட்டத்தில் சேர்ந்தால் பயன் மூன்று. கேட்க ஆள் கிடைக்கும், கெடு கிடைக்கும், பதிப்புலகின் நெளிவு சுளிவு தெரியவரும். முதலாவதை எடுத்துக்கொள்கிறேன்.

தன் முதுகு தனக்குத் தெரியாது. எழுதியவர் படிக்கும்போது, விட்டுப்போன சொல்லையும் மனம் நிரப்பிக்கொள்ளும்.

தொல்காப்பியருக்கே கேட்க ஆள் வேண்டியிருந்தது ஐயா! நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் முன் நூல் அரங்கேறியது என்கிறது பனம்பாரனார் பாயிரம். அதற்கு உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார், கேளுங்கள். அகத்தியருக்கும் தொல்காப்பியருக்கும் மனத்தாங்கல். ‘அவன் நூலைக் கேளாதே’ என்று ஆசானுக்கு அகத்தியர் உத்தரவு. தொல்காப்பியரோ ‘நீங்கள் கேட்டே ஆக வேண்டும்’ என்று நடையாய் நடக்கிறார். ஆசான் என்ன செய்வார்? இந்தப் பக்கம் குரு, அந்தப் பக்கம் உடன் பயின்றவர். இருவர் கோபமும் வேண்டாம், கேட்டுவிட்டுக் குற்றம் சொல்லித் தள்ளிவிடலாம் என்று உட்காருகிறார். கேள்வி மேல் கேள்வி. அத்தனைக்கும் பதில் வருகிறது! குறை காண்பதற்கென்றே ஒருவர் உட்கார்ந்து முழுசாகக் கேட்டாரே, எழுதுகிறவனுக்கு அதைவிடக் கொடுப்பினை உண்டா? (கைதட்டல்)

வட்டத்துக்கு எட்டுப் பேர் போதும். பதினைந்தைத் தாண்டினால் என்னைப் போல் ஆளாளுக்கு மேடைப்பேச்சு ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மூன்று படைப்பு, ஒவ்வொன்றும் ஆயிரம் சொல்லுக்குள். உரக்கப் படிக்க அதற்கே பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடிவிடும். படைத்தவர் படிக்கக் கூடாது, ஏற்ற இறக்கத்தாலேயே ஓட்டைகளை மறைத்துவிடுவார். வேறொருவர் முன்தயாரிப்பின்றிப் படிக்கட்டும். அவர் நாக்கு எங்கே தடுக்குகிறதோ, எங்கே திரும்பிப்போய் முதலிலிருந்து படிக்கிறாரோ, அங்கே பென்சிலால் ஒரு கோடு. பிறகு கருத்து. ‘அருமை’க்குத் தடை! எந்தப் பத்தியில் கவனம் சிதறியது, யார் பேசுகிறார் என்று எங்கே குழம்பியது, அது மட்டும். படைத்தவர் வாய் திறக்கக் கூடாது. ‘நான் சொல்ல வந்தது என்னவென்றால்’ என்று தொடங்கினால் போச்சு. அந்த விளக்கம் அச்சில் கூடவே வராது. இருவர் ஒரே இடத்தைச் சுட்டினால் அங்கே கோளாறு உண்டு. எப்படித் திருத்துவது என்று அவர்கள் சொல்வதை மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கெடு? அடுத்த மாதம் உங்கள் முறை என்று பெயரை எழுதிவிட்டால் கை தானாக ஓடும், அவ்வளவுதான்.

வட்டங்கள் பல கலைவது சண்டையால் அல்ல, இடமில்லாமல். வீட்டில் கூடினால் உபசாரமே நேரத்தைத் தின்றுவிடும். பலகாரம் கொடுத்தவர் கதையைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்? தேநீர்க் கடையில் உரக்கப் படிக்க முடியாது. தன் முதுகு தனக்குத் தெரியாது, சரி. பார்த்துச் சொல்கிறவர்கள் உட்கார ஒரு பொது இடம் வேண்டாமா?

ஆகவே நூலகர் அவர்களே, தலைவர் முன்னிலையிலேயே கேட்கிறேன். மாதம் ஒரு மாலை, வாசகர்கள் போன பிறகு, ஓர் அறை, பத்து நாற்காலி, ஒரு சுவர்க்கடிகாரம். பூட்டிச் சாவியைத் திருப்பித் தரும் பொறுப்பு யார் யாருக்கு என்ற பட்டியல் செயலாளர் கையில் தயாராக இருக்கிறது. தேதியை மட்டும் நன்றியுரைக்கு முன் சொல்லிவிடுங்கள்.