‘நீங்க சும்மா இருங்க’

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் வயதானவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வையுங்கள். இன்றைக்கு நான் அவர்கள் கட்சி.

கோத்தகிரிப் பக்கத்தில் 31 வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்கூடச் சட்டென்று திரும்ப மாட்டேன், ‘நர்சம்மா’ என்றால் திரும்பிவிடுவேன். அத்தனை வருடத்தில் வீடு வீடாக நான் கேட்டு அலுத்துப்போன வார்த்தை ஒன்று உண்டு. அப்பா மண்வெட்டியைத் தொட்டால், “நீங்க சும்மா இருங்க.” அம்மா அடுப்படிப் பக்கம் வந்தால், “நீங்க சும்மா இருங்க.” சுகர் வந்தது, பிரஷர் வந்தது, முட்டி தேய்ந்தது. ஒவ்வொன்றாக வர வர, கையிலிருந்து ஒரு வேலை போய்விடும். கடைசியில் மிஞ்சுவது மாத்திரை விழுங்குகிற வேலை மட்டும்தான்.

பாசத்தில்தான் சொல்கிறார்கள். நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் யோகிகளுக்குத்தான் சும்மா இருப்பது சுகம். நாற்பது வருடம் கொழுந்து பறித்த கைக்கு அது தண்டனை.

ஒரு பாட்டியைப் பற்றிச் சொல்கிறேன். இந்தக் கதையை ஆரம்பித்தால் நான் நிறுத்த மாட்டேன் என்று என் மகள் கேலி செய்வாள். பரவாயில்லை.

பாட்டி சிலோனிலிருந்து வந்தவர். 1964-இல் சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தம் போட்டார்களே, அதன்படி தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் நம் மலைக்கு வந்து சேர்ந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் ஒன்று. நான் பார்க்கப் போனபோது அவருக்கு எழுபது தாண்டியிருந்தது. இருதயம் பலவீனம். கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழும். படுத்தால் மூச்சு முட்டும். சுவரில் மூன்று தலையணையைச் சாய்த்துவைத்து உட்கார்ந்தபடிதான் தூக்கம், அதுவும் கோழித் தூக்கம். டாக்டர் நீர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். உடம்பில் தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியே தள்ளும் மாத்திரை அது. பாட்டி அதை மட்டும் சாப்பிடவே மாட்டார். டப்பாவைத் திறந்தால் மற்றதெல்லாம் குறைந்திருக்கும், இது அப்படியே இருக்கும்.

நான் திட்டினேன். “உயிர் மேல ஆசை இல்லையா?” என்றுகூடக் கேட்டேன். ஒன்றல்ல, மூன்று நான்கு தடவை. பாட்டி சிரித்துக்கொண்டே தலையாட்டுவார்.

ஒருநாள் நல்ல மழை. அங்கேயே மாட்டிக்கொண்டேன், எனக்கு அவசரமாகக் கழிப்பறை போக வேண்டும். “எங்க பாட்டி?” என்றேன். கையைக் காட்டினார். லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசிக்குப் போய், பாசி பிடித்த பதினோரு படி இறங்க வேண்டும். கைப்பிடி கிடையாது. எனக்கே ஒரு படியில் கால் வழுக்கியது. சாயங்காலம் அந்த மாத்திரையைப் போட்டால் ராத்திரி நாலு தடவை இந்தப் படியில் இறங்க வேண்டும், டிசம்பர் மாதப் பனியில், மூச்சு முட்டுகிற உடம்போடு. உயிர் மேல் ஆசை இருந்ததால்தான் அந்த அம்மா மாத்திரையைத் தொடவில்லை! இத்தனை தடவை திட்டின நான் ஒரு தடவையாவது கழிப்பறை எங்கே என்று கேட்டிருக்கலாம்.

அப்புறம் டாக்டரிடம் சொல்லி மாத்திரையைக் காலை நேரத்துக்கு மாற்றிக் கொடுக்கச் சொன்னோம். பேரன் ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் சூடு காட்டிய கத்தியால் ஓட்டை போட்டு, அடியில் வாளி வைத்துக் கொடுத்தான். செலவே இல்லை.

ஆனால் நான் சொல்ல வந்த கதை இதற்கு மேல்தான் இருக்கிறது. பாட்டிக்குத் தூக்கம் வராது என்றேன் இல்லையா? பக்கத்து வீட்டுப் பெண் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். “பாட்டி, நீங்க முழிச்சுக்கிட்டுத்தானே இருக்கீங்க, நாலரைக்கு என்னை எழுப்பி விடுங்க” என்றாள். செல்போனில் அலாரம் இருக்கிறதே என்பீர்கள். அலாரத்தை ஒரு விரலால் அமுக்கிவிட்டுத் தூங்கலாம். பாட்டியை அமுக்க முடியாது. தகர டப்பா ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு குச்சியால் தட்டுவார். அந்தப் பெண் விளக்கைப் போட்டு, “எழுந்துட்டேன் பாட்டி” என்று குரல் கொடுக்கும்வரை விடமாட்டார். சிலோன் தோட்டங்களில் விடியற்காலையில் ஆட்களை எழுப்பப் பெரட்டுத் தப்பு என்ற பறையை அடிப்பார்கள். அந்தத் தாளத்திலேயே தட்டுகிறேன் என்பார், பெருமையாக.

ஒரு மாதத்தில் அந்த வரிசையில் ஐந்து பிள்ளைகள். பரீட்சை முடிந்த பிறகு வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்துகொண்டார்கள். ‘நாலரை மணிப் பாட்டி’ என்றே பெயர் விழுந்துவிட்டது. மாத்திரையை ஒழுங்காகப் போட ஆரம்பித்தார். கருவாட்டைக் குறைத்தார். நான் சொல்லிச் செய்யவில்லை. “மூச்சு முட்டிக் கெடந்தா பிள்ளைகளை யாரு எழுப்புறது?” என்று என்னையே கேட்டார்.

ஒருநாள் டப்பா சத்தம் வரவில்லை. பிள்ளைகள் ஓடிப் போய்ப் பார்த்தார்கள். பாட்டிக்கு வாயைத் திறக்க முடியாத இரைப்பு. நேரத்தோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் பிழைத்தார், இன்னும் இரண்டு வருடம் இருந்தார். வேலை எதுவும் இல்லாமல் மூலையில் உட்கார்ந்திருந்தால் அவர் குரல் வரவில்லை என்பது எட்டு மணிக்கு டீ கொடுக்கப் போகும்போதுதான் தெரிந்திருக்கும்.

இது ஏதோ நம்ம ஊர்ப் பாட்டி கதை என்று நினைக்காதீர்கள். அமெரிக்காவில் ஒரு முதியோர் இல்லத்தில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1976-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இரண்டு மாடிக்காரர்களுக்கும் ஆளுக்கொரு செடி. ஒரு மாடியில், “உங்கள் செடி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள், அறையில் எது எங்கே இருக்க வேண்டும் என்றும் நீங்களே முடிவு செய்யுங்கள்” என்றார்கள். இன்னொரு மாடியில், “செடிக்கு நர்சுகள் தண்ணீர் ஊற்றுவார்கள், நீங்கள் கவலைப்பட வேண்டாம்.” நம்ம மொழியில் சொன்னால், நீங்க சும்மா இருங்க! பொறுப்பு ஏற்ற மாடிக்காரர்கள் உற்சாகமாக இருந்தார்கள். ஒன்றரை வருடம் கழித்துக் கணக்கெடுத்தபோது அந்த மாடியில் இறந்தவர்களும் குறைவு. ஆட்கள் கொஞ்சம்தான், சின்ன ஆய்வு. அதை வைத்து, செடி வளர்த்தால் ஆயுள் கூடும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். செடி இரண்டு பக்கமும் ஒன்றுதான், தண்ணீர் ஊற்றுகிற கைதான் வேறு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். பொய் வேலை கொடுக்காதீர்கள். ஒரு வீட்டில் தாத்தாவிடம் பூண்டு உரிக்கக் கொடுப்பார்கள். அவர் கை நடுங்கும், தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். மருமகள் உள்ளே எடுத்துப் போய் மறுபடி உரிப்பாள். ஒருநாள் தாத்தா பார்த்துவிட்டார். அன்றிலிருந்து பூண்டைத் தொடவில்லை. அவர்களுக்குத் தெரியும் நேயர்களே, எல்லாம் தெரியும். அவர் செய்யாவிட்டால் யாருக்காவது கொஞ்சம் குறை வர வேண்டும், அதுதான் நிஜ வேலை. அதே தாத்தாவை, இலை ஏற்றும் வண்டி வருவதற்கு முன்னால் திண்ணையில் உட்கார்ந்து சாக்கிலிருக்கும் முற்றிய இலையைப் பொறுக்கித் தள்ளச் சொன்னோம். நடுங்குகிற கைக்கும் முற்றல் எது, பிஞ்சு எது என்று தெரிகிறது. முற்றல் கலந்தால் ஃபேக்டரியில் விலை குறைப்பார்கள், எனவே அது நிஜக் காசு.

சரி, எழுந்து உட்காரவே முடியாதவர்கள்? என்னிடம் இதைக் கேட்பவர்களைப் நீலகிரிப் படகர்களின் ஊர்களான ஹட்டிகளைப் பார்க்கச் சொல்வேன். சின்னவர்கள் பெரியவர் முன்னால் தலையைக் குனிவார்கள், பெரியவர் அந்தத் தலையில் கை வைத்து வாழ்த்துவார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்த ஒரு ஹெத்தை, அதாவது பாட்டி, நல்ல கையைத் தூக்கிப் பேரப்பிள்ளையின் தலையில் வைக்கிறதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை அது நடக்காமல் வாசல் தாண்டாது. அந்த அம்மாவுக்குத் தினமும் காலையில் ட்யூட்டி இருக்கிறது!

வேலை, வேலை என்று மாத்திரையை விட்டுவிடாதீர்கள். 2021 ஆகஸ்டிலிருந்து தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வாங்கி அலமாரியில் அடுக்கினால் போதாது. நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டு மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறினால், காத்திராமல் டாக்டரிடம் போங்கள். சுகர்க்காரர்களுக்கு இன்னொன்று: குளிருக்குக் கணப்புச் சட்டிக்குப் பக்கத்தில் காலை நீட்டாதீர்கள். மரத்துப்போன காலுக்குச் சூடு தெரியாது, வெந்த பிறகுதான் கொப்புளம் தெரியும். கதவை மூடிய அறையில் கணப்போடு யாருமே தூங்கக் கூடாது, அந்தப் புகையில் உயிரே போகும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இரண்டு நிமிடம்தான் என்று இரண்டு விரல் காட்டுகிறார்கள். கடைசியாகப் பெரிதாகப் பேச வைத்திருந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவில் ஹார்வி சோச்சினோவ் என்று ஒரு மனநல மருத்துவர். சாவை நெருங்கியவர்களிடம் அவர்கள் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்து, எழுத்தாக்கி, குடும்பத்துக்கே கொடுக்கிற முறையை உருவாக்கினார். அவர் கேட்கும் கேள்விகளில் ஒன்று, வாழ்க்கையில் எப்போது மிகவும் உயிரோட்டமாக இருந்தீர்கள் என்பது. உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இப்படிக் கேட்டுப் பதிவு செய்ய உங்கள் செல்போனே போதும். காலை வெயில் வந்த பிறகு, மூச்சு சீராக இருக்கும்போது, பத்து நிமிடம். தேதி, ஊர் தப்பாகச் சொன்னாலும் குறுக்கே திருத்தாதீர்கள். அவருக்கு விருப்பமில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

நாலரை மணிப் பாட்டியின் குரலை நான் பதிவு செய்து வைக்கவில்லை. அந்தத் தகர டப்பா அவர் பேரன் வீட்டில் இருக்கிறது, அதில் இப்போது சர்க்கரை போட்டு வைத்திருக்கிறார்கள். முதியோர் உதவிக்கு இலவச எண் 14567, குறித்துக்கொள்ளுங்கள்: ஒன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு. நன்றி, வணக்கம்.